கோபுரத்துக்குள் ஒற்றை ஆள்

மஞ்சூரியச் சோளக்காடுகளில் நிலத்தை உயரமான பார்களாக அணைத்து விதைப்பார்கள். குளிர்காலம் வந்தால் பாரும் சாலும் உறைந்து பாறையாகிவிடும். 1930-களில் ஜப்பானிய ராணுவத்தின் புதிய இலகுரக டாங்கி அந்த வயல்களைக் குறுக்காகக் கடக்கப் பார்த்தபோது எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. டாங்கியின் சக்கரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் பாருக்கும் பாருக்கும் நடுவே இருந்த தூரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டன. சக்கரங்கள் ஒரே நேரத்தில் சாலில் விழுந்து ஒரே நேரத்தில் பாரில் ஏறின. முன்பாரமும் பின்பாரமும் மாறி மாறி ஏறிய மாட்டுவண்டியைப் போல டாங்கி தலையை ஆட்டிக்கொண்டே போனது. உள்ளே இருந்தவர்களுக்குத் தலை அடிபடாமல் காத்துக்கொள்வதே பெரும்பாடு. பீரங்கியைக் குறிபார்ப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது.

பொறியாளர்கள் அதற்கு மாற்று கண்டார்கள். ஒவ்வொரு ஜோடிச் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சக்கரத்தைச் செருகி, இடைவெளியை அடைத்தார்கள். வட மஞ்சூரியாவுக்கென்றே தனி வடிவம் ஒன்று உருவானது. உழவுச்சாலின் அளவுக்காகப் போர்வண்டியின் அடிப்பாகத்தையே மாற்றியமைக்கும் அளவுக்கு அக்கறையுள்ள பொறியாளர்கள் அவர்கள். அதே டாங்கியின் மேற்பகுதியில், சுழலும் கோபுரத்துக்குள், இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அதை யாரும் தொடவில்லை. 95-ஆம் வகை ‘ஹ-கோ’ டாங்கியின் பத்தாண்டு வரலாற்றை அந்தக் கோபுரத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயரை முதலில் பார்த்துவிடுவோம். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக்கணக்கில் 1935-ஆம் ஆண்டு 2595. அதன் கடைசி இரண்டு எண்கள்தான் ‘95’. நம் அகரவரிசையைப் போல ஜப்பானியர்களுக்கு ‘இ, ரோ, ஹ’ என்று தொடங்கும் ஒரு பழைய எழுத்து வரிசை உண்டு. அதில் மூன்றாவது எழுத்து ‘ஹ’. ‘கோ’ என்றால் எண். மூன்றாம் எண் வடிவம் என்பதே ‘ஹ-கோ’வின் பொருள்.

1931-இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய பிறகு ஜப்பானிய ராணுவத்தின் முன் இருந்தது முடிவே தெரியாத சமவெளி. 1933-இல் ரெஹே மாகாணத்துக்குள் படையெடுத்தபோது லாரிகளில் போன காலாட்படை ஒரு நாளில் கடந்த தூரத்தை டாங்கிகளால் எட்ட முடியவில்லை. அன்றைக்கு இருந்த 89-ஆம் வகை நடுத்தர டாங்கி முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு 25 கி.மீ. தாண்டாது. லாரிகளோ 40 கி.மீ. வேகத்தில் போகும். குதிரைப்படை வைத்திருந்த 92-ஆம் வகைச் சிறு வண்டிக்கு வேகம் உண்டு. அதில் இருந்தவை இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. 1934-இல் மஞ்சூரியாவின் கோங்சூலிங்கில் ராணுவம் தன் முதல் இயந்திரமயக் கலப்புப் படையணியை அமைத்தபோது, லாரியோடு சேர்ந்து ஓடவும் வேண்டும், கையில் பீரங்கியும் இருக்க வேண்டும் என்ற தேவை தெளிவாகிவிட்டது.

மிட்சுபிஷி நிறுவனம் 1934-இல் முதல் மாதிரியைக் கட்டி முடித்தது. எடை 7.5 டன். எடையைக் குறைத்துச் சோதித்தபோது மணிக்கு 45 கி.மீ. ஓடியது. மஞ்சூரியக் குளிரிலும் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். அப்போது ஒரு தகராறு எழுந்தது. 12 மி.மீ. கவசத் தகட்டை வைத்துக்கொண்டு எதிரியின் அரண் முன்னே போய் நிற்க முடியாது என்றது காலாட்படைத் தரப்பு. குதிரைப்படைத் தரப்புக்கு வேகமும் பீரங்கியும் போதும். தகடு தடிமனானால் எடை ஏறும், எடை ஏறினால் லாரியை விட்டுப் பின்தங்கும், பின்தங்கினால் இந்த டாங்கி பிறந்ததற்கே பொருளில்லை. வேகத்தின் பக்கமே தீர்ப்பு விழுந்தது. அந்த நாளின் தேவையை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை தெரியவில்லை.

1935-இல் உலகின் பெரும்பாலான இலகுரக டாங்கிகளுக்கு இது இளைத்ததல்ல. பிரிட்டனின் இலகுரக டாங்கிகளிலும் ஜெர்மனியின் முதல் பான்சரிலும் இயந்திரத் துப்பாக்கி மட்டுமே இருந்தது. ஹ-கோவில் 37 மி.மீ. பீரங்கி ஒன்றும், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும். எடை 7.4 டன், நீளம் 4.38 மீட்டர், அகலம் சுமார் இரண்டு மீட்டர். உள்ளே மூன்று பேர்.

எஞ்சினில்தான் அவர்களுடைய தொலைநோக்கு தெரிகிறது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கொள்ளளவு 14 லிட்டர், திறன் 120 குதிரைத்திறன். பெட்ரோல் டாங்கிகள் அடிபட்டால் சட்டென்று தீப்பிடிக்கும், டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. காற்றுக் குளிர்ப்பு என்றால் மஞ்சூரியக் குளிரில் உறைந்து வெடிக்க ரேடியேட்டரில் தண்ணீரே இல்லை. பெரும்பாலான நாடுகள் பெட்ரோலைவிட்டு நகராத காலத்தில் ஜப்பான் இந்த முடிவை எடுத்தது.

அடிப்பாகத்தின் அமைப்பு ஹாரா தோமியோ என்ற பொறியாளர்-அதிகாரியின் சிந்தனையில் பிறந்தது. பக்கத்துக்கு நான்கு சக்கரங்கள், இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்டவை. ஒவ்வொரு ஜோடியையும் வளைந்த ஒரு நெம்புகோல் தாங்குகிறது. சக்கரம் மேலே எழும்பினால் நெம்புகோலின் மறுமுனை, டாங்கியின் பக்கவாட்டில் படுக்கைவாக்காகக் குழாய்க்குள் கிடக்கும் சுருள்வில்லை அழுத்தும். வில் வெளியே இருப்பதால் உள்ளே இடம் மிச்சம். உதிரிபாகம் குறைவு, பழுது பார்ப்பது எளிது. மேடுபள்ளத்தில் குலுக்கல் அதிகம் என்பது இதற்குக் கொடுத்த விலை. ஓடாமல் நின்றுபோன ஹ-கோவைவிட ஓடிக்கொண்டே இருந்த ஹ-கோவைப் பற்றித்தான் அதிகம் படிக்கிறோம் என்றால் அந்தப் பெருமை ஹாராவின் எளிமைக்கும் மிட்சுபிஷி எஞ்சினுக்கும் உரியது. வெப்பம் தாக்காமலும் குலுக்கலில் அடிபடாமலும் இருக்க உட்சுவரில் கல்நார் விரிப்புகூடப் பொருத்தியிருந்தார்கள்.

இனி கோபுரத்துக்குள் போவோம்.

கீழே வலப்பக்கம் ஓட்டுநர், இடப்பக்கம் முன் இயந்திரத் துப்பாக்கியாளர். மேலே, சுழலும் கோபுரத்தில், வண்டித் தலைவர் ஒருவர் மட்டும். எங்கே போவது என்று முடிவெடுப்பவர் அவர். குறுகிய பிளவுகள் வழியே வெளியே பார்த்து எதிரியைத் தேடுபவரும் அவர். எதிரி தென்பட்டால் கோபுரத்தைத் திருப்ப வேண்டும், குண்டை எடுத்துக் குழலில் செருக வேண்டும், தோளைப் பீரங்கியின் தாங்கியில் அணைத்து அப்படியும் இப்படியும் தள்ளிக் குறிபார்க்க வேண்டும், சுட வேண்டும். குண்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்குள் அடுத்த குண்டுக்குக் கை நீள வேண்டும். இரண்டாவது இயந்திரத் துப்பாக்கி பீரங்கிக்குப் பக்கத்தில் இல்லை, கோபுரத்தின் பின்புறத்தில் இருந்தது. முன்னால் காலாட்படை ஓடிவந்தால் கோபுரத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி, தானும் திரும்பி அதைப் பிடிக்க வேண்டும். அவர் படைப்பிரிவின் தலைவராகவும் இருந்துவிட்டால் மற்ற டாங்கிகளுக்கும் உத்தரவு கொடுக்க வேண்டும். வானொலி பெரும்பாலான வண்டிகளில் இல்லாததால் மூடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, கொடியசைத்துத்தான் சொல்ல முடியும்.

பிரெஞ்சு டாங்கிகளிலும் இதே குறை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய ஆறு டன் டாங்கியும் அதன் வழிவந்த சோவியத் டி-26-உம் கோபுரத்தில் இரண்டு பேருக்கு இடம் வைத்தன. ஒருவர் பார்க்க, ஒருவர் சுட. அந்த இரண்டாவது ஆளுக்குப் பெரிய கோபுரம் வேண்டும், அதற்கு அகலமான உடல் வேண்டும், எடை ஏறும். மறுபடியும் லாரியின் வேகம் குறுக்கே வந்து நிற்கிறது.

முதல் பெரிய சோதனை 1939-இல் மங்கோலிய எல்லையில், ஹல்ஹின் கோல் ஆற்றங்கரையில் வந்தது. கர்னல் தமாதாவின் 4-ஆம் டாங்கிப் படைப்பிரிவு பெரும்பாலும் ஹ-கோக்களால் ஆனது. ஜூலை 2 இரவு, இடியும் மழையுமாக இருந்த நேரத்தில், அது சோவியத் பீரங்கி நிலைகளுக்குள் பாய்ந்தது. மின்னல் வெளிச்சத்தில் வழி கண்டு, இருட்டில் கைக்கெட்டும் தூரம்வரை நெருங்கிவிட்டது. கிட்டத்தில் சுழன்றோடும் டாங்கிகளைப் பீரங்கிகளால் குறிவைக்க முடியவில்லை. அந்த இரவில் தமாதாவுக்கு இழப்பு மிகக் குறைவு.

பொழுது விடிந்ததும் கணக்கு தலைகீழானது. திறந்த புல்வெளியில் சோவியத் டாங்கிகளின் 45 மி.மீ. பீரங்கி தொலைவிலிருந்தே 12 மி.மீ. தகட்டைத் துளைத்தது. அருகே நெருங்கியவை, புல்லுக்குள் சுருள் சுருளாக விரித்திருந்த மெல்லிய எஃகுக் கம்பியில் சங்கிலிப்பட்டை சிக்கி நின்றன. நின்ற டாங்கி சுடுபலகைதான். களமிறங்கிய எழுபதுக்கும் மேற்பட்ட டாங்கிகளில் ஏறக்குறையப் பாதி சில நாள்களில் செயலிழந்தன. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று களத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அங்கே கிடைத்த பாடத்தை ராணுவம் கவனிக்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. நடுத்தர டாங்கிக்கு வேகமான 47 மி.மீ. பீரங்கியை உருவாக்கத் தூண்டியது அந்தத் தோல்விதான். ஹ-கோவுக்குப் பதிலாக 98-ஆம் வகை ‘கே-நி’யும் ஏற்கெனவே வடிவமைப்பில் இருந்தது. அதன் கோபுரத்தில் இரண்டு பேர். ஆனால் கட்டப்பட்டவை நூறு அளவில்தான். ஹ-கோவோ மொத்தம் சுமார் 2,300. அதில் பாதிக்கும் மேல் 1941, 1942 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவை. குறை தெரிந்து இரண்டு ஆண்டு கழித்து, அதே டாங்கியை முன்னெப்போதும் இல்லாத அளவில் கட்டினார்கள். பழகிப்போன அச்சும் அளவும் தொழிற்சாலையில் இருந்தன. எஃகு கடற்படைக்கும் விமானங்களுக்கும் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலாயாவில் கிடைத்த வெற்றி ஹல்ஹின் கோலை மறக்க வைத்தது.

மலாயா தமிழர்களுக்குத் தெரிந்த நிலம். பேராக்கிலும் ஜொகூரிலும் ரப்பர்த் தோட்டங்களை ஊடறுத்துப் போகும் பெருஞ்சாலையின் இரு பக்கமும் பால்வெட்டுத் தொழிலாளர்களின் லயங்கள் இருந்தன. 1941 டிசம்பரில் ஜெனரல் யமாஷிதாவின் படை வடக்கே இறங்கி அந்தச் சாலை வழியாகத்தான் வந்தது. காடும் ரப்பர் மரமும் நிறைந்த நாட்டில் டாங்கி ஓடாது என்ற எண்ணத்தில் பிரிட்டிஷ் தலைமை மலாயாவில் ஒரு டாங்கிகூட வைத்திருக்கவில்லை. ஜனவரி கடைசியில்தான் சில பழைய இலகுரக டாங்கிகள் வந்து சேர்ந்தன. மலாயாவின் வடக்கே ஜித்ராவில் மழைக்குள் ஜப்பானிய டாங்கிகளை எதிர்கொண்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் அதுவரை டாங்கி என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அந்த அச்சம் எந்த அளவுக்குப் போனதென்றால், டயர் கிழிந்த சைக்கிள்களை வெறும் விளிம்பில் ஓட்டிவந்த ஜப்பானியக் காலாட்படையின் கடகடப்பை இரவில் டாங்கிச் சத்தம் என்று எண்ணிப் பின்வாங்கியதும் நடந்தது.

1942 ஜனவரி 7 அதிகாலையில் சிலிம் ஆற்றுப் பகுதியில் மேஜர் ஷிமாதாவின் டாங்கிகள் சாலையோடு பாய்ந்து இரண்டு இந்தியப் படையணிகளைச் சிதறடித்தன. சாலை அடைபட்ட இடங்களில், பெருஞ்சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதைகளில் புகுந்து சுற்றிக்கொண்டு போயின. பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிக்கம்பியை லெப்டினன்ட் வத்தனாபே இறங்கி வாளால் வெட்டினார். ஷிமாதாவின் டாங்கிகளில் பெரும்பாலானவை 97-ஆம் வகை நடுத்தர டாங்கிகள், ஹ-கோக்கள் சிலவே. ஆனாலும் அந்த நாளின் புகழ் எல்லா ஜப்பானிய டாங்கிக்கும் போய்ச் சேர்ந்தது.

பதினொரு நாள் கழித்து, ஜொகூரில் மூவாருக்கு அருகே பக்ரியில், முழுக்க ஹ-கோக்களாலான ஓர் அணி தனியாக மாட்டிக்கொண்டது. ஜனவரி 18 காலை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டிவிட்ட சாலையில் ஆஸ்திரேலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இரண்டு பதுங்கியிருந்தன. லெப்டினன்ட் மெக்கூர் தலைமையிலான அந்தப் பீரங்கிகள் தனக்குத் தேவையில்லை என்றுதான் காலாட்படைத் தளபதி முதலில் நினைத்திருந்தார். காலாட்படைத் துணையில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, ஹ-கோக்கள் வந்தன. முதலில் சுட்டவை கவசம் துளைக்கும் திண்ம குண்டுகள். அவை ஒரு பக்கத் தகட்டில் நுழைந்து மறுபக்கத் தகட்டில் வெளியேறிவிட்டன. தடுத்து நிறுத்தும் அளவுக்கு அந்தத் தகட்டில் கனமே இல்லை. டாங்கிகள் தொடர்ந்து நகர்ந்தன. பீரங்கிக்காரர்கள் வெடிகுண்டுக்கு மாறினார்கள். சற்று நேரத்தில் ஒன்பது ஹ-கோக்களும் அந்தச் சாலையிலேயே எரிந்து நின்றன. அவற்றில் ஆறு, பின்னால் இருந்த ஒரே பீரங்கியின் கணக்கு.

அந்தச் சாலையில் எரிந்த டாங்கிகளின் புகைப்படம் ஆஸ்திரேலியாவில் மிகவும் பெயர்பெற்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவு கோபுரத்துக்குப் போய்விடும். முன் டாங்கி அடிபட்ட அந்த நொடியில் பின்னால் வந்தவர் என்ன செய்திருக்க முடியும்? பிளவு வழியே புகை தெரிந்திருக்கும். எங்கிருந்து சுடுகிறார்கள் என்று தேட வேண்டும், ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும், குண்டு செருக வேண்டும், பின்னால் வரும் வண்டியை எச்சரிக்க வேண்டும். நான்கு வேலை, ஒரு ஜோடிக் கண். இளம் வயது வீரர்கள் அவர்கள். எதிரில் இருந்த 45-ஆம் இந்தியப் படையணியின் சிப்பாய்களும் அப்படித்தான், பயிற்சி முடியாமலேயே கப்பலேற்றப்பட்டவர்கள். அந்த வாரம் மூவார்க் கரையில் அந்தப் படையணி அழிந்தது. அதன் தளபதியும் உயிரிழந்தார். ஒன்பது டாங்கிகள் எரிந்ததால் ஜப்பானியப் படையின் போக்கு மாறிவிடவில்லை. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. சாலையோர லயங்களில் இருந்து டாங்கிகள் போவதைக் கண்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் அடுத்த ஆண்டு சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

பிலிப்பைன்ஸில் ஹ-கோவுக்குச் சமமான எதிரி கிடைத்தான். 1941 டிசம்பர் 22-இல் டமோர்ட்டிஸ் அருகே அமெரிக்க எம்3 இலகுரக டாங்கிகளோடு அவை மோதின. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க டாங்கிகள் கண்ட முதல் டாங்கிச் சண்டை அது, வென்றவை ஹ-கோக்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் எதிரில் நின்றவை வேறு அளவின. 1942 ஆகஸ்டில் நியூ கினியின் மில்னே விரிகுடாவில் இரண்டு ஹ-கோக்கள் இரவில் முன்விளக்கை எரியவிட்டபடி ஆஸ்திரேலியக் காலாட்படையைச் சிதறடித்தன. அவற்றின்மீது வீசிய ஒட்டுகுண்டுகள் ஈரத்தில் பூத்துப்போய் வெடிக்கவில்லை. இரண்டொரு நாளில் இரண்டு டாங்கிகளும் சேற்றில் புதைந்து கைவிடப்பட்டன.

1943 நவம்பரில் பசிபிக்கின் தராவாத் தீவில் அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி வந்துவிட்டது. முப்பது டன் எடை, 75 மி.மீ. பீரங்கி, கோபுரத்தில் மூன்று பேர். அங்கே ஒரு ஹ-கோவின் 37 மி.மீ. குண்டு ஷெர்மன் ஒன்றின் பீரங்கிக் குழலையே தாக்கிப் பயனற்றதாக்கியது. தனி ஆளாக எல்லாம் செய்துகொண்டு அப்படிச் சுட்டவரின் கைத்திறனை எப்படிப் பாராட்டுவது! அந்தத் திறனுக்கு ஈடான வண்டியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. 1944 செப்டம்பரில் பெலெலியுத் தீவில் விமானத் திடலின் குறுக்கே பாய்ந்த ஹ-கோக்களைப் பாசூக்காக்களும் டாங்கிகளும் விமானமும் சேர்ந்து சில நிமிடங்களில் முடித்தன. அழித்ததாக அமெரிக்கப் பிரிவுகள் சொன்ன எண்ணிக்கையைக் கூட்டினால் வந்த டாங்கிகளைவிட அதிகம். ஒரே டாங்கி அத்தனை பேரிடம் அடிவாங்கியிருக்கிறது.

இந்திய எல்லையிலும் ஒரு நாள் உண்டு. 1944 மார்ச் 20, இம்பால் படையெடுப்பின் தொடக்கம். பர்மாவின் தமு ஊருக்குத் தெற்கே காட்டோரத்தில் ஆறு ஹ-கோக்கள் மறைந்திருந்தன. பிரிட்டிஷ் 3-ஆம் காரபினியர் பிரிவின் லீ டாங்கிகள் சாலையில் வந்தபோது பதுங்கியிருந்து சுட்டு, முதல் வண்டியை எரித்தும்விட்டன. பிறகு லீயின் 75 மி.மீ. பீரங்கிகள் திரும்பின. ஒரு ஹ-கோ பிடிபட்டது; மற்றவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்தன. தமுவுக்கு எதிரே, எல்லையின் இந்தியப் பக்கத்தில் இருக்கும் மோரேயில்தான் 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் குடியேறிக் கோயில் கட்டி வாழ்கிறார்கள்.

போர் முடிந்த பின்னும் ஹ-கோ ஓடிக்கொண்டிருந்தது. 1940-இல் வாங்கிய ஐம்பதளவு வண்டிகளைத் தாய்லாந்து ஐம்பதுகள்வரை வைத்திருந்தது. பசிபிக் தீவுகளில் கொடி படர்ந்து துருவேறிக் கிடப்பவை இன்னும் உண்டு. அப்படிப் போன்பே தீவிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்று ஜப்பானுக்கு வந்து, பிரிட்டனுக்கு விலைபோய், போலந்தில் பழுது பார்க்கப்பட்டு, ஜப்பானிய மக்களின் நன்கொடையால் 2022 டிசம்பரில் தாய்நாடு திரும்பியது. ஃபூஜி மலையடிவாரத்தில் கோதெம்பாவில் அதை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடுகிறது. மேல்மூடிக்குக் கீழே, பீரங்கியின் தோள்தாங்கி முன்னால், இயந்திரத் துப்பாக்கி முதுகுக்குப் பின்னால், குண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம்.